பேயே வராத முதல் பாதி: ஒரு ஹாரர் லெவல் எப்படிப் பயமுறுத்துகிறது

கேள்வி இதுதான். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் ஒரு சின்ன ஹாரர் லெவல், அதாவது பயமுறுத்தும் கேமின் ஒரு கட்டம், செய்கிறீர்கள். பாழடைந்த மருத்துவமனை. இருட்டு, சுவரில் ரத்தம், தூரத்தில் அலறல், கதவைத் திறந்ததும் முகத்தில் பாயும் பேய் என்று எல்லாம் வைத்தாயிற்று. விளையாடிப் பார்த்த நண்பர்கள் முதல் தடவை துள்ளினார்கள், அடுத்த தடவை சிரித்தார்கள், அதற்கப்புறம் பேயைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். உண்மையிலேயே பயமுறுத்தும் லெவல்களில் இருப்பது என்ன, உங்களுடையதில் இல்லாதது என்ன என்று கேட்கிறீர்கள்.

இருட்டும் ரத்தமும் அலறலும் அலங்காரம். அவற்றைப் பார்த்ததும் "இது பயப்பட வேண்டிய இடம்" என்று பிளேயருக்குப் புரியும். புரிந்துவிட்டதால் மட்டும் பயம் வந்துவிடாது. திடீரென்று பாயும் பேய் உடம்பைத் துள்ள வைக்கும், சரி. முதுகுக்குப் பின்னால் யாராவது பலூனை உடைத்தாலும் உடம்பு அதே மாதிரிதான் துள்ளும். இரண்டு நொடியில் அந்தத் துள்ளல் அடங்கி, அடங்கிய வேகத்தில் சிரிப்பு வரும். உங்கள் நண்பர்கள் சிரித்ததில் ஆச்சரியமே இல்லை.

நான் மதிக்கும் ஹாரர் லெவல்கள் எல்லாம் ஒரு காரியத்தைச் செய்கின்றன. பிளேயர் முன்னால் எதையும் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முன்பே, அவர் நம்பிக்கொண்டிருந்த ஒன்றை அவரிடமிருந்து எடுத்துவிடுகின்றன. அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்ததும் அதே கேம்தான். "இப்படிச் செய்தால் பிழைக்கலாம்" என்று மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது செல்லாத ஒரு கட்டடத்துக்குள் அவரை அனுப்புகிறது. பொதுவாகப் பேசினால் இது விளங்காது. ஒரு லெவலை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2004-ல் அயன் ஸ்டார்ம் ஸ்டூடியோ உருவாக்கிய 'தீஃப்: டெட்லி ஷாடோஸ்' கேமில் 'ராபிங் தி க்ரேடில்' என்று ஒரு லெவல் வரும். ஜோர்டன் தாமஸ் வடிவமைத்தது. பின்னாளில் 'பயோஷாக் 2'-ஐ இயக்கியவரும் அவர்தான். ஹாரர் லெவல் என்று பேச்செடுத்தாலே இன்றைக்கும் முதலில் சொல்லப்படும் சில பெயர்களில் இது ஒன்று. இத்தனைக்கும் தீஃப் ஒரு ஹாரர் கேம் அல்ல. தொடரின் முந்தைய பாகங்களில் பிணங்கள் எழுந்து நடக்கும் இடங்கள் உண்டு என்றாலும், அடிப்படையில் அது திருட்டு கேம். காரெட் என்ற திருடனாக மாளிகைகளில் புகுந்து, காவலர் கண்ணில் படாமல் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும்.

இந்தத் திருடனின் பலம் வாளில் இல்லை. நேருக்கு நேர் நின்றால் சாதாரணக் காவலன்கூட அவனை வீழ்த்திவிடலாம். அவனுக்கு இருப்பவை இரண்டு: இருட்டும் காதும். எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறான் என்று காட்ட திரையின் அடியில் ஒரு ரத்தினக் கல் ஒளிரும். அது மங்கியிருந்தால் காவலன் பக்கத்தில் நடந்துபோனாலும் பார்க்க மாட்டான். தீப்பந்தம் தொந்தரவாக இருந்தால் தண்ணீர் அம்பு விட்டு அணைத்துவிடலாம். கம்பளத்தில் நடந்தால் சத்தம் வராது, கல் தரையிலும் உலோகத்திலும் வரும். காவலர்கள் வாய்விட்டுப் பாடுவதும் புலம்புவதும் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். 1998-ல் வந்த முதல் பாகத்திலிருந்தே இந்தத் தொடர் தன் பிளேயர்களுக்கு ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறது: இருட்டு உன் வீடு, காதைத் தீட்டி வைத்துக்கொள்.

க்ரேடில் இந்த இரண்டிலும் கை வைக்கிறது.

ஷேல்பிரிட்ஜ் க்ரேடில் ஒரு காலத்தில் அநாதை இல்லம். பிறகு மனநோயாளிகள் காப்பகம். நடுவே கொஞ்ச காலம் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருந்திருக்கிறது என்பதை அங்கே கிடக்கும் தாள்களைப் படித்துத்தான் தெரிந்துகொள்வீர்கள். யாரும் வந்து விளக்க மாட்டார்கள். குழந்தைகளையும் அந்த நோயாளிகளையும் ஒரே கூரைக்கு அடியில் வைத்திருந்தார்கள் என்று நீங்களாகக் கூட்டிப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்யும். அப்புறம் ஒரு தீ விபத்து. இப்போது எரிந்துபோன, ஆளில்லாத கட்டடம்.

உள்ளே போகிறீர்கள். காவலர் இல்லை. எலும்புக்கூடு இல்லை. பேய் இல்லை. லெவலின் வெளிப்பகுதி முழுக்க உங்களைத் தாக்கக்கூடிய ஒரு உயிர்கூடக் கிடையாது. ஆனால் சத்தம் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஏதோ உறுமுவது போல, மாடியில் எதையோ அடிப்பது போல. இத்தனை நாள் பயிற்சி பெற்ற காது, சத்தம் கேட்டதும் ஆள் எங்கே என்று கணக்குப் போடத் தொடங்கிவிடும். கணக்கு மட்டும் எந்த விடைக்கும் வந்து சேராது. காவலனின் சத்தம் என்றால் திசை இருக்கும், தூரம் இருக்கும், ஒரு வழித்தடம் இருக்கும். இங்கே அது எதுவும் இல்லை. பாதுகாப்பான அந்த இடத்திலும் பிளேயர் ஊர்ந்து ஊர்ந்து போகிறார், ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று கேட்கிறார். அவரைப் பயமுறுத்துவது அவருடைய சொந்தத் திறமைதான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நாம் சொல்வதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அரள வேண்டும், பேய் அப்புறம் தானாக வரும். பெரும்பாலான ஹாரர் லெவல்கள் பேயை முதலில் வைத்து அரட்டப் பார்க்கின்றன. க்ரேடில் ஒரு பாதி முழுவதையும் அரட்டுவதற்கே ஒதுக்குகிறது.

அடுத்து மின்சாரம். உள்பகுதிக்குப் போக வேண்டுமானால் கரண்ட் வர வேண்டும். நீங்களே போய் அதை வரவைக்கிறீர்கள், விளக்குகள் எரிகின்றன. பெரும்பாலான ஹாரர் கேம்களில் லைட் வந்தால் மூச்சு விடலாம். நீங்களோ திருடன், வெளிச்சம் உங்களுக்கு எதிரி. அதுவும் மின்விளக்கு, தண்ணீர் அம்பால் அணைக்க முடியாது. சரி, இருட்டு மூலையாகத் தேடி ஒதுங்கலாம் என்றால், உள்பகுதியில்தான் முன்னாள் நோயாளிகள் உலவுகிறார்கள். தலையில் கம்பிக்கூண்டு, உடம்பெல்லாம் கட்டு, வெட்டி வெட்டி இழுக்கும் நடை. மொத்தம் ஒன்பது பேர். அவர்கள் நெருங்கினால் பக்கத்தில் இருக்கும் விளக்குகள் துடித்துத் துடித்து மங்கும். யோசித்துப் பாருங்கள். இத்தனை காலம் இருட்டு வந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். இப்போது இருட்டு வருகிறது என்றால் அவர்கள் வருகிறார்கள். கேமின் முதல் நாளிலிருந்து உங்கள் பக்கம் நின்றது கட்சி மாறிவிட்டது. எத்தனை லிட்டர் ரத்தத்தைச் சுவரில் பூசினாலும் இந்த விளைவு கிடைக்காது.

அதோடு விடவில்லை. அந்தக் கட்டடத்துக்கு நினைவு உண்டு. உள்ளே வந்த உங்களையும் தன் நோயாளிகளில் ஒருவராகச் சேர்த்துக்கொள்கிறது, அதனால் வந்த வழியே வெளியேற முடியாது. நோயாளிகளின் பழைய உடைமைகளைப் பிடித்துக்கொண்டு அதன் நினைவுக்குள்ளேயே போய், அது உங்களை மறக்கும்படி செய்ய வேண்டும். பிளேயர்கள் எப்போதும் கைக்குள் வைத்திருக்கும் கடைசி நம்பிக்கை "பிடிக்கவில்லை என்றால் வாசலுக்குத் திரும்பிவிடலாம்" என்பதுதான். அதுவும் போயிற்று.

ஒரு தொழில்நுட்ப விஷயத்தையும் சொல்ல வேண்டும். டெட்லி ஷாடோஸ் எக்ஸ்பாக்ஸிலும் ஓட வேண்டியிருந்தது. அந்த மெஷினில் மெமரி வெறும் 64 எம்பி. அதனால் இந்த கேமின் பெரிய லெவல்கள் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு நடுவே லோடிங் வரும். மற்ற லெவல்களில் அது எரிச்சல். க்ரேடிலில் அதே பிரிவு "வெளி", "உள்" என்று அர்த்தமுள்ள எல்லையாகிவிட்டது. 1999-ல் வந்த 'சைலன்ட் ஹில்'லின் மூடுபனியும் இப்படித்தான். முதல் பிளேஸ்டேஷனால் தூரத்துக் கட்டடங்களை வரைய முடியாததை மறைக்க உதவியது அந்தப் பனி. அது இல்லாத சைலன்ட் ஹில்லை இன்று யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. உங்களிடம் பெரிய கம்ப்யூட்டரும் பெரிய குழுவும் இல்லை என்று கவலைப்படாதீர்கள். இந்த வகையில் பற்றாக்குறை பல தடவை துணை நின்றிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. க்ரேடிலைப் பார்த்துவிட்டு "சரி, பேயே வைக்காமல் வெறும் கட்டடத்தை விட்டுவிடுவோம்" என்று கிளம்பினால் சலிப்புதான் மிஞ்சும். க்ரேடிலின் காலி அறைகள் பயமுறுத்தக் காரணம், அதற்கு முந்தைய லெவல்களின் அறைகளில் காவலர்கள் நிறைந்திருந்தார்கள் என்பதுதான். பறிக்க வேண்டுமென்றால் முதலில் கொடுத்திருக்க வேண்டும். சின்ன லெவல் செய்பவர்களுக்கு இதுதான் உண்மையான சிக்கல்: பத்துமணி நேர கேம் கட்டி வைத்த நம்பிக்கையை நீங்கள் ஐந்து நிமிடத்தில் கட்டியாக வேண்டும்.

குறைந்த நேரத்தில் கட்டுவது எப்படி என்பதற்கு அதே 2004-ல் வால்வ் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப் 2'-ல் வரும் ரேவன்ஹோம் என்ற ஊர் நல்ல பாடம். அதற்கு முந்தைய கட்டத்தில் ஆலிக்ஸ் என்ற தோழி அந்த ஊருக்குப் போகும் ஒரு மூடிய வழியைக் காட்டி, அங்கே நாங்கள் இப்போது போவதில்லை என்கிறாள். வேறு விளக்கம் கிடையாது. அப்புறம் உங்கள் கையில் பொருள்களை இழுத்துப் பிடித்து எறியும் கிராவிட்டி கன் வருகிறது, ஒரு ரோபோ நாயோடு பந்து பிடித்து விளையாடுகிறீர்கள், சந்தோஷமாக இருக்கிறது. உடனே தாக்குதல், தப்பிக்க இருக்கும் ஒரே வழி அந்த மூடிய வழிதான். உள்ளே போன முதல் வீட்டிலேயே சுவரில் பதிந்த ரம்பத் தகடும் இரண்டாக வெட்டுண்ட உடலும் கிடக்கும். தகட்டைப் பிடுங்கிய நேரம் பார்த்து எதிரே ஒரு ஸோம்பி வரும். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாமலே கை தெரிந்துகொள்ளும். அரை மணிக்கு முன் விளையாட்டுப் பொருளாக இருந்தது இப்போது உயிர் காக்கும் ஆயுதம்.

ரேவன்ஹோமில் எனக்கு மிகவும் பிடித்தது வேகமாக ஓடும் ஸோம்பிகளை அறிமுகப்படுத்தும் விதம். முதலில் உங்களை அவை தொடுவதே இல்லை. தூரத்துக் கூரைகளில் தாவிப் போவதை மட்டும் பார்க்கிறீர்கள், ஊளையைக் கேட்கிறீர்கள். பிறகு ஓரிடத்தில் கட்டடத்தின் பக்கவாட்டுத் தகரக் குழாய் கடகடவென்று ஆடும். ஏறி வருகிறது. எந்தக் குழாய் என்று பார்க்கத் திரும்ப வேண்டும், திரும்பினால் முதுகு இன்னொரு குழாய்க்குக் காட்டப்படும். வருவதற்குச் சில நொடி முன்பே வருகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் பாய வைத்திருந்தால் ஒரு துள்ளல்தான் கிடைத்திருக்கும். சொல்லிவிட்டதால் அந்தச் சில நொடிகளும் பயமாகின்றன. உங்கள் மருத்துவமனைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பேயைப் பற்றி இப்போது கொஞ்சம் யோசியுங்கள்.

அதே இடத்தில் கறுப்பாக ஒரு ஹெட்கிராப், அதாவது தலையைக் கவ்வும் சின்னப் பிராணி, வரும், விஷமுள்ளது. அது கடித்தால் எவ்வளவு உடல்நலம் இருந்தாலும் ஒரேயடியாக 1-க்கு இறங்கிவிடும். அப்புறம் உங்கள் உடையில் இருக்கும் மாற்றுமருந்து வேலை செய்து, இழந்தது மெல்ல மெல்லத் திரும்ப ஏறும். அதாவது அந்தக் கடி மட்டும் உங்களைக் கொல்லாது. ஆனால் அந்த இடைவெளியில் வேறு எது தொட்டாலும் போச்சு. அந்த கேமில் என்னை மிக அதிகமாகப் பதறவைத்தது கொல்லத் தெரியாத இந்தச் சின்னப் பிராணிதான்.

சாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். கேமில் சாவு பயத்தைக் கொன்றுவிடும். சாகும் வரைக்கும் "என்ன ஆகுமோ" என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது. செத்ததும் பதில் கிடைத்துவிட்டது: ஒரு அனிமேஷன், ஒரு சிவப்புத் திரை, மறுபடி தொடங்கும் செக்பாயின்ட். அதே தாழ்வாரத்தில் அதே நொடியில் அதே பேய் ஐந்தாம் தடவை வந்தால் அது வெறும் தடையோட்டம். உங்கள் நண்பர்கள் பேயைச் சுற்றி ஓடியது இதனால்தான். அது எங்கே நிற்கும், எப்போது திரும்பும் என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

2010-ல் ஸ்வீடனின் ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் வெளியிட்ட 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்' இதை நன்றாகப் புரிந்துகொண்ட கேம். கையில் ஆயுதமே கிடையாது. ஜந்துவைக் கண்ணால் பார்த்தாலே புத்தி தடுமாறத் தொடங்கும். அதனால் அதை நின்று நிதானமாகப் பார்த்து, "ஓ, இதுதானா" என்று பழகிக்கொள்ளும் வாய்ப்பே பிளேயருக்கு இல்லை. இருட்டில் ஒளிந்தால் ஜந்து பார்க்காது, ஆனால் இருட்டில் இருந்தாலும் புத்தி தடுமாறும். விளக்கைப் பிடித்தால் மனம் தெளியும், ஆனால் ஜந்து பார்த்துவிடும், எண்ணெயும் தீரும். எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

அதில் வெள்ளம் புகுந்த நிலவறை ஒன்று வரும். ஜந்து கண்ணுக்குத் தெரியாது. அது ஓடும்போது தண்ணீர் தெறிப்பது மட்டும் தெரியும். மிதக்கும் பெட்டிகள் மேல் தாவித் தாவிப் போக வேண்டும், கால் தண்ணீரில் பட்டால் தெறிப்பு உங்களை நோக்கி வரும். மாடல் இல்லை, முகம் இல்லை, நகம் இல்லை. நீரில் ஒரு அசைவும் ஒரு சத்தமும்தான். செலவில்லாத பேய். அந்த கேமின் கதவுகளையும் சொல்ல வேண்டும். பட்டனைத் தட்டினால் திறக்காது. மவுஸால் பிடித்து இழுக்கவோ தள்ளவோ வேண்டும். ஒரு விரற்கடை திறந்து எட்டிப் பார்க்கலாம். பின்னால் ஏதோ துரத்தும்போது, தள்ள வேண்டிய கதவைப் பதற்றத்தில் இழுத்துக்கொண்டு நிற்பீர்கள். அந்தப் பதற்றம் திரையில் இருக்கும் ஆளுக்கு வருவதில்லை, உங்கள் மணிக்கட்டுக்கு வருகிறது. ஒரு லெவலுக்கு இப்படி ஒரே ஒரு செயலையாவது கையால் உணர வையுங்கள் என்பேன்.

அடுத்து, பிளேயருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பது. எதுவுமே தெரியாவிட்டால் குழப்பம் வரும், எல்லாம் தெரிந்தால் திட்டம் வரும். இரண்டுக்கும் நடுவில் பாதி தெரிந்த நிலை ஒன்று இருக்கிறது, பயம் குடியிருப்பது அங்கேதான். சைலன்ட் ஹில்லில் கையில் ஒரு ரேடியோ கிடைக்கும். பக்கத்தில் ஜந்து இருந்தால் அது இரையும். இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. 2014-ல் கிரியேட்டிவ் அசெம்ப்ளி செய்த 'ஏலியன்: ஐசோலேஷன்'-ல் ஒரு மோஷன் டிராக்கர் இருக்கும். துரத்தும் ஏலியன் இருக்கும் திசையும் தூரமும் காட்டும். ஆனால் அசைந்தால்தான் காட்டும்; அது தலைக்கு மேலே குழாய்க்குள் இருக்கிறதா, எதிரே தாழ்வாரத்தில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது. அதைக் கண்முன் தூக்கிப் பிடித்தால் சுற்றியிருப்பது மங்கிவிடும். ஏலியன் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் அந்தக் கருவியின் பீப் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். உதவிக்குக் கொடுத்த கருவியைப் பயன்படுத்தவே பயமாக இருக்கிறது. சேவ் செய்வதும் அப்படித்தான்: சுவரில் இருக்கும் கருவியில் கார்டைச் செருகிவிட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் வரை நிற்க வேண்டும், அந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஏலியன் வந்து கொல்லலாம். மற்ற கேம்களில் சேவ் என்றால் நிம்மதி. இங்கே அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஏலியனை இயக்கும் முறையையும் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு அடுக்கு. மேல் அடுக்குக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எப்போதும் தெரியும், ஆனால் ஏலியனிடம் அதை அப்படியே சொல்லாது. சுமாராக இந்தப் பக்கம் போய்த் தேடு என்று மட்டும் சொல்லும். ஏலியன் தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் அது எப்போதும் உங்கள் அருகில் இருக்கும், ஆனால் ஏமாற்றுவதாகத் தோன்றாது. நெருக்கடி ரொம்ப நேரம் நீடித்தால் மேல் அடுக்கே அதைப் பின்வாங்கச் சொல்லிக் குழாய்களுக்குள் அனுப்பிவிடும். மனிதனால் ஒரே உயரத்தில் நெடுநேரம் பயப்பட முடியாது. இறக்கிவிட்டால்தான் மறுபடி ஏற்ற முடியும். சின்ன லெவலில் இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பிளேயர் மூச்சு விட ஒரு அறை, அங்கே எதுவும் வராது என்ற உறுதி, அது போதும்.

அப்படி உறுதியான அறைகளை 1996-ல் தொடங்கிய 'ரெசிடன்ட் ஈவில்' தொடர்தான் அழகாகச் செய்தது: சேவ் செய்ய ஒரு தட்டச்சு இயந்திரம், மெல்லிய இசை. 2019-ல் வந்த 'ரெசிடன்ட் ஈவில் 2' மறு உருவாக்கத்தில் போலீஸ் நிலையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு தாழ்வாரத்தையும் மனப்பாடம் செய்துவைத்திருப்பீர்கள். இனி இது என் இடம் என்று தோன்றும் சமயத்தில், விழுந்துகிடக்கும் ஹெலிகாப்டரைத் தூக்கி நகர்த்திவிட்டு மிஸ்டர் எக்ஸ் என்ற ராட்சத உருவம் கொண்டவன் உள்ளே வருவான். அதற்கப்புறம் சுவர்களைத் தாண்டி அவன் பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். புதிய இடம் எதுவும் தேவைப்படவில்லை. தெரிந்த இடத்தையே தெரியாததாக்கிவிட்டார்கள். 2014-ல் வந்த 'பி.டி.' இன்னும் சிக்கனம்: ஒரு வளைவு கொண்ட ஒரே தாழ்வாரம், முடிவில் ஒரு கதவு, கதவைத் திறந்தால் மறுபடி அதே தாழ்வாரத்தின் தொடக்கம். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். தனியாளாகச் செய்பவர்கள் பெரிய மருத்துவமனை முழுவதையும் கட்டுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

ஜம்ப் ஸ்கேரே, அதாவது திடீரென்று பாய்ந்து துள்ள வைப்பதே, கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்போது வைப்பது என்பதில் இருக்கிறது. முதல் ரெசிடன்ட் ஈவிலில் ஜன்னல்களை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும் தாழ்வாரம் புகழ்பெற்றது. 2002-ல் அதே கேமை மறுபடி உருவாக்கியபோது, பழைய ஆட்கள் அந்த இடத்தில் தயாராக இருப்பார்கள் என்று உருவாக்கியவர்களுக்குத் தெரியும். அதனால் முதல் தடவை போகும்போது கண்ணாடியில் விரிசல் மட்டும் விடும். நாய் வராது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்த வழியே போக வேண்டியிருக்கும், அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டே. ஒரு பாய்ச்சலை ஒத்திப்போட்டதில் ஒரு தாழ்வாரம் முழுக்க விஷமாகிவிட்டது.

கதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-ன் இன்னொரு கேமான 'வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்'-ல் ஓஷன் ஹவுஸ் என்று ஒரு ஹோட்டல் வரும். நீங்களே ரத்தம் குடிக்கும் வாம்பயர், சக்திகள் எல்லாம் உண்டு. அங்கே அடிக்க ஒரு உடம்புகூடக் கிடையாது. பல்புகள் வெடிக்கின்றன, சாமான்கள் பறந்து வந்து தாக்குகின்றன, லிஃப்ட் அறுந்து விழுகிறது. அந்த ஹோட்டலில் ஒரு குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்பது செய்தித்தாள் துண்டும் நாட்குறிப்புமாகச் சிதறிக் கிடக்கிறது. பிளேயரே கோர்த்துக்கொண்ட கதை, ஒலிநாடாவில் யாரோ சொல்லும் கதையைவிடப் பல மடங்கு ஆழமாக இறங்கும். அவ்வளவுதான்.

இப்போது உங்கள் மருத்துவமனை. கும்மிருட்டைக் குறையுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் பிளேயர் செய்வது ஒன்றுதான்: செட்டிங்ஸில் போய் பிரைட்னஸை ஏற்றுவார், நீங்கள் கட்டிய சூழல் முழுவதும் சாம்பல் நிறமாகிவிடும். தாழ்வாரத்தின் முடிவு தெரிய வேண்டும், நடுவே மட்டும் தெரியக் கூடாது. அங்கே ஒரு ஸ்ட்ரெச்சரின் விளிம்பு, ஒரு திரைச்சீலையின் கீழ்ப்பகுதி மாதிரி ஏதாவது அரைகுறையாகத் தெரியட்டும். தொடர்ந்து ஓடும் பயங்கர இசையை எடுத்துவிடுங்கள். அது இருக்கும் வரை பிளேயரால் தன் காலடியைக் கேட்க முடியாது. தன் காலடி கேட்காதவருக்கு இன்னொரு காலடி கூடுதலாகக் கேட்பதும் தெரியாது. ஏசி ஓடும் ரீங்காரம், டியூப்லைட்டின் முனகல் போன்ற சாதாரண ஒலி ஒன்றைப் பின்னணியில் வையுங்கள். பயமுறுத்த வேண்டிய இடத்தில் அதை நிறுத்துங்கள். எதுவும் சேர்க்க வேண்டாம்.

நம்பிக்கை கொடுத்துப் பறிப்பதற்கு உங்கள் லெவலிலேயே வழி இருக்கிறது. உதாரணமாக, நர்ஸைக் கூப்பிடும் மணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் பிளேயர் ஒரு வார்டில் மணியை அழுத்தினால், தாழ்வாரத்தின் மறுபுறம் இருக்கும் பலகையில் அந்த அறைக்கான சிவப்பு விளக்கு எரிகிறது, அந்த வார்டின் கதவு திறக்கிறது. இரண்டு மூன்று கதவுகளை இப்படித் திறந்து பழகட்டும். விளக்கு எரிந்தால் வழி கிடைக்கும் என்று மனதில் பதியட்டும். அப்புறம் அவர் பலகையின் முன்னால் நிற்கும்போது, யாரும் அழுத்தாமல் தூரத்து அறை ஒன்றின் விளக்கு எரியட்டும். சிறிது நேரம் கழித்து அடுத்த அறை. அதற்கடுத்த அறை. இதில் மாடல் இல்லை, அனிமேஷன் இல்லை, அலறல் இல்லை. அது எதற்காக வருகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவரே எண்ணிக்கொள்வார். பேயைக் காட்டியே ஆக வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் கடைசியில் ஒரு முறை, முழுசாகக் காட்டாமல் காட்டுங்கள்.

சோதிக்கும்போது நண்பர்களைக் கூட்டமாக உட்கார வைக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்தால் எந்த லெவலும் கேலிக்கூத்தாகிவிடும். ஒருவர், ஹெட்போன், மூடிய அறை. "பயமாக இருந்ததா?" என்று கேட்கவும் வேண்டாம், உங்கள் மனம் நோகக்கூடாது என்று ஆமாம் என்பார்கள். அவர்கள் நடக்கும் வேகத்தை ரெக்கார்ட் செய்து பாருங்கள். எங்கே ஓட்டம் நடையானது, எங்கே கதவின் முன் நின்றார்கள், எங்கே எதுவும் இல்லாதபோதும் திரும்பிப் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் கை வைக்காதீர்கள். நீங்கள் பேயை வைத்த இடத்தில் யாரும் வேகம் குறைக்கவில்லை என்றால் அந்தப் பேயை எடுத்துவிட்டு இன்னொருவரை உட்கார வைத்துப் பாருங்கள்.